அன்னவாசலில் இறங்குங்கள்



சித்தன்னவாசலுக்குப் போய்வராத குடும்பம் புதுக்கோட்டை, திருச்சி வட்டாரத்தில் குறைவு. பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவை, வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் ஒரு தடவை, பிள்ளைகளுக்கு லீவு விட்டால் ஒரு தடவை. புளியோதரை கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பி, மலைமேல் இருக்கும் ஏழடிப்பாட்டம் குகைத்தளத்துக்கு ஏறி இறங்கி, குடைவரைக்குள் நின்று விதானத்துத் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்து, மர நிழலில் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் வண்டியை வந்த வழியே திருப்பிவிடுவோம். இன்னும் சில கிலோமீட்டர் போனால் அன்னவாசல். அங்கே ஒரு கடைவீதி இருக்கிறது. இந்த இதழில் உங்களோடு அதைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன்.

போன மாதம் எங்கள் வீட்டில் எல்லோருமாகப் போயிருந்தோம். மலையிலிருந்து இறங்கும்போது தங்கை மகளின் செருப்பு வார் அறுந்துவிட்டது. பதினொரு மணி வெயிலில் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. கீழே நுங்கு விற்றுக்கொண்டிருந்தவர் செருப்பைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். “அன்னவாசலுக்குப் போயிருங்க, கடைத்தெருவுல தைக்கிறவரு இருப்பாரு. புதுசு வாங்காதீங்க, இது நல்ல செருப்பு” என்றார். அந்த ஒரு வார்த்தையால் அன்றைய நாளின் பாதி அன்னவாசலில் கழிந்தது. மலையைப் பார்த்த சந்தோஷத்துக்கு இம்மியும் குறையாத சந்தோஷம் அங்கே கிடைத்தது.

அன்னவாசலில் கடைவீதியைத் தேட வேண்டியதில்லை. புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகும் சாலை ஊருக்குள் வந்ததும் அதுவே கடைவீதி ஆகிவிடுகிறது. புதுக்கோட்டை நகரத்தில் திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் நூல் பிடித்தாற்போல் அமைந்த ராஜ வீதிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒழுங்கில்லாத வீதிதான். ஓட்டு வீட்டின் முன்பகுதி கடையாகியிருக்கும். பக்கத்தில் கண்ணாடி போட்ட செல்போன் கடை. அதையடுத்து உரமும் விதையும் விற்கிற கடை. அதன் வாசலில் ஒரு பூக்காரம்மா. யாரும் திட்டம் போட்டுக் கட்டியதில்லை. சுற்றுக் கிராமத்துச் சனங்களுக்கு எது எது தேவைப்பட்டதோ, அது அது தனக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறது.

செருப்புத் தைப்பவர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். வயது எழுபதை ஒட்டி இருக்கும். செருப்பை வாங்கியவர் வாரைப் பார்க்கவில்லை; திருப்பிப் பிடித்து அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “வாரு மட்டும் இல்லத்தா, அடியும் விட்டிருக்கு. ரெண்டையும் சேத்துத் தச்சாத்தான் நிக்கும்.” நூலை மெழுகில் இரண்டு முறை இழுத்தார். கொக்கி ஊசியை அடியிலிருந்து மேலே குத்தி, நூலை மாட்டி, கீழே இழுத்து, மறுபடி குத்தி, ஒவ்வொரு தையலையும் விரல் நுனியால் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். அறுந்த செருப்பு முடிந்ததும் “அந்தக் காலு செருப்பையும் குடு” என்றார். அது அறுந்திருக்கவில்லை. அதற்கும் இரண்டு தையல் போட்டார். “இது போனா அதுவும் பின்னாலயே போகும்.” கேட்டது இருபது ரூபாய், ஒரு செருப்புக்கு மட்டும். எவ்வளவு சொல்லியும் மற்றதற்கு வாங்கிக்கொள்ளவில்லை.

தைத்து முடிக்கும்வரை என்ன செய்வதென்று வீதியில் நடக்க ஆரம்பித்தவர்கள், முடிந்த பிறகும் நடந்துகொண்டே இருந்தோம்.

மளிகைக் கடை ஒன்றின் வாசலில் வெகு நேரம் நின்றேன். வேலைக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் வரிசையாக வந்தார்கள். பத்து ரூபாய்க்குச் சீரகம். இருபது ரூபாய்க்குக் கடலை எண்ணெய், கையோடு கொண்டுவந்த பாட்டிலில். கால் கிலோ உளுந்து, அதில் பாதி இன்றைக்கு ஊறப்போடுவதற்கு. கடைக்காரரின் கை தராசுக்கும் டப்பாவுக்கும் நடுவில் நிற்காமல் போய்வந்தது. பழைய நாளிதழைக் கிழித்துக் கூம்பாகச் சுருட்டி, சீரகத்தைக் கொட்டி, வாயை மடித்துச் செருகி நீட்டுகிறார். ஒட்டவும் இல்லை, கட்டவும் இல்லை, ஒரு சீரகம் கீழே சிந்தவும் இல்லை.

சூப்பர் மார்க்கெட்டில் எவ்வளவு வாங்குவது என்பதை பாக்கெட் முடிவு செய்கிறது. இந்தக் கடையில் வாங்குகிறவர் கையில் இருக்கிற காசு முடிவு செய்கிறது. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. மாதச் சம்பளக்காரர்கள் “சில்லறையாக வாங்கினால் நஷ்டம்தானே” என்று கேட்கலாம். மொத்தமாக வாங்க மொத்தமாகக் காசு வேண்டும் என்பது அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கணக்கு நோட்டுத் தொங்கியது. ஒரு பெரியவர் வந்து, அரிசிக்கும் டீத்தூளுக்கும் எழுதிவைக்கச் சொன்னார். “கடலை பிடுங்குனதும் குடுத்துர்றேன்யா.” கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டார். அந்தச் செம்மண் பூமியில் கடலை வெள்ளாமை எப்போது வரும், எந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, யார் வீட்டில் இந்த வருஷம் கல்யாணம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்த வங்கியும் இந்தத் தகவல்களை வைத்துக் கடன் கொடுப்பதில்லை.

அன்னவாசல் பேரூராட்சி, பெரிய ஊர் இல்லை. ஆனால் வயலோகம், குடுமியான்மலை, பரம்பூர், பெருமநாடு, புல்வயல், முக்கண்ணாமலைப்பட்டி, காலாடிப்பட்டி என்று சுற்றிலும் கிராமங்கள். அவை பெரும்பாலும் மழையையும் கண்மாயையும் நம்பி வெள்ளாமை செய்கிற ஊர்கள். மண்வெட்டிக்குக் காம்பு போடவும், மோட்டாருக்குக் காயில் கட்டவும், பிள்ளைக்குச் சீருடை தைக்கவும், தாலிக்குத் தங்கம் உருக்கவும் அந்த மக்களுக்கு ஒரு வீதி வேண்டும். ஒரு சிற்றூரின் கடைவீதியை அந்த ஊரின் மக்கள்தொகையைக் கொண்டு மதிப்பிட்டால் கணக்குத் தவறிவிடும். எத்தனை ஊர்ப் பாதைகள் அங்கே வந்து சேர்கின்றன என்று பார்க்க வேண்டும்.

என்னை அங்கேயே பிடித்து நிறுத்திவிட்டது ஒரு கயிற்றுக்கடை. வாசல் நிலையின் மேல் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு வகைக் கயிறு. தாம்புக்கயிறு, கிணற்றுக்கயிறு, ஆட்டுக்குட்டிக்கு மெல்லியது, மாட்டுக்குத் தடித்தது, கழுத்துக்கயிறு, மூக்கணாங்கயிறு. உள்ளே சலங்கைகள், மணிகள், நெற்றிக்குக் கட்டுகிற வண்ணப் பட்டைகள். ஓர் இளைஞர் காளைக்கு மூக்கணாங்கயிறு கேட்டு வந்தார். கடைக்காரர் உடனே எடுத்து நீட்டிவிடவில்லை.

“எத்தனை பல்லு தம்பி?”

“ரெண்டு பல்லுதாண்ணே.”

“மூக்கு குத்தி எத்தனை நாளாச்சு?”

“பதினஞ்சு நாள் இருக்கும்.”

“அப்ப நைலான் வேணாம். அறுத்துரும். பருத்தியில தர்றேன். புண்ணு நல்லா ஆறட்டும், பெறகு வந்து தடிச்சத வாங்கிக்க.”

நைலான் கயிறு விலையும் கூட, நாளும் தாங்கும். அதை விற்றிருந்தால் அவருக்கு லாபம். காளையின் மூக்கை நினைத்துப் பருத்திக் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் கயிற்றின் முறுக்கை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி, எங்காவது பிசிறு நிற்கிறதா என்று பார்த்தார். நின்ற ஒரு பிசிறை விளக்குத் திரியில் காட்டிக் கருக்கினார்.

ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாட்டிலேயே அதிக வாடிவாசல்கள் திறக்கிற மாவட்டம் புதுக்கோட்டை. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாகத் தச்சங்குறிச்சியில் நடக்கும். அன்னவாசலிலும் உண்டு. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது தொலைக்காட்சிகள் மாடுபிடி வீரர்களையும் காளை வளர்ப்பவர்களையும் காட்டின. கயிறு திரிப்பவரையும், சலங்கை கோப்பவரையும், பருத்திக்கொட்டையும் தவிடும் விற்பவரையும் யாரும் காட்டியதாக எனக்கு நினைவில்லை. 2017 ஜனவரியில் சட்டம் வந்து வாடிவாசல் மறுபடி திறந்தது. 2023 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை உறுதி செய்தது. தீர்ப்புகள் டெல்லியில் எழுதப்படுகின்றன. அவற்றின் விளைவு இப்படி ஓர் ஆணி வரிசையில் கயிறு குறைவதிலும் கூடுவதிலும் தெரிகிறது.

மலையையும் இந்த வீதியையும் ஒரே நாளில் பார்த்ததில் எனக்கு ஓர் எண்ணம் ஓடிக்கொண்டே இருந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஏழடிப்பாட்டத்தில் வழுவழுப்பாகத் தேய்த்த பதினேழு கற்படுக்கைகள் இருக்கின்றன. சமண முனிவர்கள் தங்கியவை. அவற்றில் ஒன்றில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் சிறுபோசில் ஊரைச் சேர்ந்த இளயர் செய்துகொடுத்த இருக்கை என்று அது சொல்கிறது. எருமிநாடு இன்றைய மைசூர்ப் பக்கம் என்பது அறிஞர்கள் கருத்து. அங்கே பிறந்தவர் இங்கே வந்து இந்தப் பாறையில் அமர்ந்திருக்கிறார். சரி, அவர் எதைச் சாப்பிட்டார்? மலையில் நெல் விளையாது. துறவிக்குச் சோறு கீழே இருக்கிற ஊரிலிருந்துதான் வர வேண்டும். மலையைச் சுற்றியுள்ள கல்வட்டங்களும் ஈமச் சின்னங்களும் அங்கே பழங்காலந்தொட்டு மக்கள் வாழ்ந்ததைச் சொல்கின்றன.

முனிவர்களைத் தாங்கியவர்கள் யார் என்பதற்கு மதுரைப் பக்கம் தெளிவான சாட்சி இருக்கிறது. அழகர்மலைக் குகைத்தளத்துக் கல்வெட்டுகளில் கொடையாளிகள் தங்கள் தொழிலையும் பெயரோடு சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். உப்பு விற்றவர் ஒருவர். ஏர்க்கொழு விற்றவர் ஒருவர். பாகு விற்றவர் ஒருவர். துணி வணிகர் ஒருவர். பொன் வேலை செய்தவர் ஒருவர். மாங்குளத்தில் வெள்ளறை ஊர் வணிகக் குழுவே கூடிக் கொடை அளித்திருக்கிறது. ஒரு கடைவீதியின் பட்டியல் பாறையில் இருக்கிறது! அந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு அன்னவாசலில் நடந்து பாருங்கள். உப்பு மூட்டை மளிகைக் கடை ஓரத்தில் இருக்கிறது. கலப்பைக் கொழு இரும்புக் கடையில் தொங்குகிறது. வெல்லத்தில் ஈ மொய்க்கிறது. ஜவுளிக்கடையில் பாயை விரித்துச் சேலையை உதறிக் காட்டுகிறார்கள். நகைப் பட்டறையில் ஊதுகுழலோடு ஒருவர் குனிந்திருக்கிறார். அழகர்மலையில் பெயர் பொறித்தவர்களின் தொழில் வாரிசுகள் எல்லோரும் உயிரோடு, நம்மோடு பேசத் தயாராக, இந்த வீதியில் இருக்கிறார்கள்.

சித்தன்னவாசல் ஓவியங்களுக்காகவும் அப்படித்தான் பலர் உழைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அங்குள்ள குடைவரைக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து அந்த இடத்தின் வரலாற்றுச் சிறப்பை எடுத்துச் சொன்னவர்களில் முன்னோடி, புதுக்கோட்டை சமஸ்தானத்தின் வரலாற்றை எழுதிய எஸ். ராதாகிருஷ்ண அய்யர்; அந்த நூல் 1916இல் வெளிவந்தது. இன்று மலையை இந்தியத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. கடைவீதியைப் பார்த்துக்கொள்ள எந்தத் துறையும் கிடையாது. நாம் போய் வாங்குவதுதான் அதன் பராமரிப்பு.

இந்த வீதியில் இன்னொரு மாற்றத்தையும் கவனித்தேன். நான் சிறுமியாக இருந்த காலத்தில் எங்கள் பக்கத்துக் கடைத்தெருக்கள் ஆண்களுக்கே சொந்தம். டீக்கடை பெஞ்சு, சலூன், சைக்கிள் கடை, எங்கும் அவர்கள்தான். பெண்கள் திருவிழாவுக்குத் துணி எடுக்க வருவார்கள். கூட ஆண் துணை இருக்கும். அன்னவாசலில் அன்று நான் பார்த்த கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். தனியாக வந்தவர்கள், மகளோடு வந்தவர்கள், மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வந்தவர்கள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உரக்கடையில் பூச்சிமருந்துக்குப் பேரம் பேசுகிற பெண்ணைப் பார்த்தேன். சைக்கிள் கடையில் ஒரு ஆத்தா தானே பம்ப்பை மிதித்துக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரப் பையன் உதவிக்கு வந்தபோது, “நீ ஒன் வேலையப் பாருப்பா” என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆத்தாவின் வயதைப் பார்த்ததும் எனக்கு அறிவொளி இயக்கம் நினைவுக்கு வந்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அது தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். இரவில் எழுத்து, பகலில் சைக்கிள். குடுமியான்மலைக் கல்குவாரிகளில் வேலை செய்த பெண்களும் கற்றுக்கொண்டார்கள். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் போனது. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் புதுக்கோட்டை வீதிகளில் வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிப் பதிவு செய்திருக்கிறார். அந்தச் சைக்கிள்கள் நேராக வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று இந்த மாதிரிக் கடைவீதி. வெள்ளாமையைத் தானே கொண்டுபோய் விற்கவும், பஸ்ஸுக்குக் காத்திராமல் வீடு திரும்பவும் முடிந்த பிறகு, பணம் யார் கையில் புழங்குவது என்பதும் மாறிவிட்டது.

பிறகு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். ஜவுளிக்கடைக்காரர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். “முன்னாடியெல்லாம் மாசத்துக்கு ஒருக்கா வந்து எல்லாத்தையும் வாங்கிட்டுப் போவாங்க. இப்ப வாரத்துக்கு ரெண்டு நாள் வர்றாங்க. கொஞ்சமா வாங்குறாங்க, ஆனா பாத்து வாங்குறாங்க. பிடிக்கலைன்னா போயிட்டு அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லிடறாங்க” என்றார். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்ல முடிவது எவ்வளவு பெரிய சுதந்திரம்! பஸ் காசு மிச்சமானதை மட்டும் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வேறு நாடுகளில் இப்படிப்பட்ட வீதிகள் என்னவாயின என்று தெரிந்தால் நம்மிடம் இருப்பதன் அருமை புரியும். அமெரிக்காவில் நெடுஞ்சாலைகள் ஊர்களைச் சுற்றிப் போனதும், ஊருக்கு வெளியே பெரிய வணிக வளாகங்கள் வந்ததும் சிற்றூர்களின் முதன்மைக் கடைத்தெருக்கள் காலியாகிவிட்டன. 1977இல் அங்குள்ள தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று ஊர்களை எடுத்துக்கொண்டு, செத்துக்கொண்டிருந்த கடைத்தெருக்களை மீட்கச் சோதனை முயற்சி செய்தது. அது பலித்து, 1980இல் அதற்கென்றே ஒரு மையம் உருவாகி, நாடு முழுக்கப் பரவியது. ஜப்பானில் சிற்றூர்க் கடைத்தெருக்களில் இழுத்து மூடிய ஷட்டர்கள் வரிசையாக நிற்பதால், ‘ஷட்டர் தெரு’ என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. கடைக்காரர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், கடையை எடுத்து நடத்த ஆளில்லை.

இழந்த பிறகு மீட்க எவ்வளவு பணமும் ஆண்டுகளும் ஆகின்றன என்று பாருங்கள். அன்னவாசல் இன்னும் இழக்கவில்லை. அதற்கு அலங்காரம் எதுவும் தேவையில்லை. சுவரில் ஓவியம் வரைந்து, ஒரே நிறத்தில் பெயர்ப்பலகை மாட்டி, சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு மாதிரித் தெருவாக மாற்றினால் அதன் உயிர் போய்விடும். எந்தச் சிற்றூர்க் கடைவீதிக்கும் வேண்டியவை மிகச் சாதாரணமானவை. பஸ் கடைகளுக்கு அருகில் நிற்க வேண்டும். சாலையை அகலப்படுத்தும்போது நிழல் மரங்களை விட்டுவைக்க வேண்டும். பெண்கள் கூச்சமில்லாமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை வேண்டும். நான் பேசிய பூக்காரம்மா முதலில் கேட்டது அதைத்தான். காலையிலிருந்து மாலைவரை வீதியில் உட்காருகிறவருக்கு அதைவிடப் பெரிய தேவை வேறென்ன?

தரையில் கடை போடுகிறவர்களுக்கு 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் தெருவோர வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கணக்கெடுத்துச் சான்றிதழ் தராமல் யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் ஊரில் கீரை விற்கும் அம்மாவிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பேரூராட்சி அலுவலகத்துக்கு அவரோடு கூடப் போய் வாருங்கள்.

மதியம் அங்கேயே சாப்பிட்டோம். வாழையிலையில் சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, ரசம், மோர். பரிமாறியவர் “இன்னும் கொஞ்சம் போட்டுக்கிருங்கம்மா, மலை ஏறிட்டு வந்திருக்கீங்க” என்று இரண்டு முறை சொன்னார். நாங்கள் மலை ஏறியது அவருக்கு எப்படித் தெரியும் என்று பிள்ளை கேட்டாள். எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தாலே தெரிந்திருக்கும், அப்படிச் சிவந்துபோயிருந்தோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். காலையில் முதல் வேலையாக மலை ஏறிவிடுங்கள், குடைவரையை அது திறந்த உடனே பார்த்துவிடுங்கள். பத்தரை, பதினொன்றுக்கு அன்னவாசல் வந்தால் வீதி முழு வேகத்தில் இருக்கும். இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை பல கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கண் அசருவார்கள். அந்த நேரத்தில் குடுமியான்மலைக்குப் போய்வரலாம். அங்கே பாறையில் பொறித்திருக்கிற இசைக் கல்வெட்டு, நம் நாட்டு இசை வரலாற்றில் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. ஐந்து மணிக்குத் திரும்பி வந்தால் வடை போடும் நேரம். கையில் மஞ்சப்பையும் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் யாரும் மறுக்கவில்லை, கேட்காமல் எடுத்தால் முகம் சுருங்குகிறது. வீட்டில் பிடி கழன்ற கத்தி, கைப்பிடி ஆடுகிற குடை, அறுந்த பை எதுவாவது கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள். பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் ஊர்க்கதை தானாக வரும்.

மலையோரத்தில் சோறு கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒருவேளைச் சாப்பாட்டை மட்டுமாவது, மாலைப் பலகாரத்தை மட்டுமாவது, வீட்டுக்கு வேண்டிய கடலையையும் வெல்லத்தையுமாவது அந்த வீதியில் வாங்குங்கள். சித்தன்னவாசலுக்கு ஆண்டு முழுவதும் வந்துபோகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அன்னவாசலில் இறங்கினாலே, அங்கே கடை நடத்துகிற பலருக்கு அது நல்ல வருஷமாக இருக்கும். புதுக்கோட்டையில் படித்துக்கொண்டிருக்கும் அவர்கள் பிள்ளைகளும் “அப்பா கடையை எடுத்து நடத்தலாமா” என்று யோசிப்பார்கள்.

அடுத்த இதழிலிருந்து ‘எங்க ஊர்க் கடைவீதி’ என்று ஒரு பகுதி தொடங்குகிறோம். உங்கள் ஊர், அல்லது நீங்கள் ஒரு நாள் போய்வந்த ஊர், எதுவானாலும் எழுதுங்கள். ஊர்ப் பெருமையை மொத்தமாகச் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே என்ன விற்கிறார்கள், எந்த மாதத்தில் எது போகும், கடைக்காரர் கை என்ன செய்கிறது, வாங்க வருகிறவர்கள் எந்த ஊர்ப் பாதையில் வருகிறார்கள் என்று எழுதினால் போதும். பேர் போடச் சம்மதமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிழை திருத்துவது எங்கள் வேலை, அதை நினைத்து யாரும் தயங்க வேண்டாம். பேச்சு வழக்கு அப்படியே இருக்கட்டும். கடிதங்கள் இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்தால் முதல் தொகுப்பில் இடம் பெறும்.

அன்புடன்,
ஆசிரியர்